இதர கோப்புறை

அரசு அலுவலகக் கணினிகளை இருபத்திரண்டு வருடங்களாக மேய்த்துக்கொண்டிருக்கிறேன். 'இதர' என்ற பெயரில் ஒரு கோப்புறை இல்லாத அலுவலகத்தை நான் பார்த்ததே இல்லை. எந்தத் தலைப்பிலும் அடங்காத விஷயத்தை அதற்குள் போடுவார்கள். போட்ட கையோடு மறந்துவிடுவார்கள். எல்லா அலுவலகக் கோப்புகளையும் ஒரே இடத்தில் காட்டும் ஒருகூரைத் திட்டத்துக்காக முப்பத்தெட்டு மாவட்டங்களின் அறுநூற்றுப் பன்னிரண்டு சர்வர்களையும் ஒன்றாக இணைத்தபோது நான் யோசிக்காமல் விட்டது அந்த ஒரு கோப்புறையைத்தான். மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன். அதனால்தான் எனக்கு என் மீதே இவ்வளவு ஆத்திரம்.

என் பெயர் ரத்தினசபாபதி. பொது ஆவண ஆணையத்தின் தலைமை சர்வர் நிர்வாகி. பெயர்ப்பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது, அப்போது.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அமைச்சர் மேடையில் பொத்தானை அழுத்தினார். மாநிலத்தின் எல்லா அலுவலகக் கணினிகளிலும் ஒரே கூரை விரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது பொத்தான். அதை அழுத்தினால் ஊழியர்களின் செல்போன்களிலும் அதே கூரை வந்துவிடும். மேடையில் ஆணையர் ஹேமலேகா சிரித்துக்கொண்டு நின்றார். நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து உளுந்து வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருட உழைப்பு. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

பத்து நாற்பத்தொன்பதுக்குத் திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. கருவேலங்குளம் மாவட்டத்துக் கோப்பு ஒன்றை, நெடுங்காவல் தாலுகா அலுவலகத்திலிருந்து யாரோ திருத்தியிருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் கோப்பில் இன்னொரு மாவட்டம் கை வைப்பது மோசடி. அதற்காகவே நான் ஒரு வசதி செய்து வைத்திருந்தேன். ஒரே தட்டில் பழைய வாசகம் திரும்பி வரும், கோப்பு பூட்டிக்கொள்ளும். பிறகு இருபத்துநான்கு மணி நேரம் யாராலும் தொட முடியாது. முன்னதாகத் திறக்க வேண்டுமென்றால் என் கைரேகையும் ஆணையரின் கைரேகையும் சேர்ந்து விழ வேண்டும். வடை இல்லாத கையால் தட்டினேன். கோப்பில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு போன் வந்தது.

"சார், நான் கருவேலங்குளம் மாவட்டப் பெண்கள் பாதுகாப்பு அலுவலர் எஸ்தர் கிரேஸ்லின் பேசுதேன். எங்க இதரக்குள்ள ஊர்ப்பட்ட ஃபைல் கெடக்கு. யாரோட பிறந்தநாள் போட்டோவோ, யாரோட சஸ்பென்ஷன் ஆர்டரோ. என்னது சார் இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கோளாறு இல்ல மேடம். முன்னாடி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி சர்வர், தனி விலாசம். இப்ப எல்லாத்துக்கும் ஒரே விலாசம். ஒரே பேர்ல இருக்கற ஃபோல்டரெல்லாம் ஒண்ணா சேர்ந்துடும். உங்க 'ஓய்வூதியம்', அவங்க 'ஓய்வூதியம்' எல்லாம் ஒரே இடத்துல. அதே மாதிரிதான் இதரவும்."

"அப்பம் எங்க இதரல கெடக்கிறதை மத்த ஊர்க்காரங்களும் பாக்கலாமா?"

"பாக்கலாம். படிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அதானே மேடம் திட்டமே."

எஸ்தர் அடுத்துப் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"சார், அதுல 'பழைய சுற்றறிக்கை நாலு'ன்னு ஒரு ஃபைல் இருக்கு. அது சுற்றறிக்கை இல்ல. சாதி மாறிக் கல்யாணம் முடிச்ச இருபத்திமூணு ஜோடிங்க எங்க ஒளிஞ்சிருக்காங்கங்கிற விலாசம்."

"அதைப் போய் ஏன் மேடம் இதரல போட்டீங்க?"

"வேற எங்க போட? 'பாதுகாப்பு'ன்னு ஃபோல்டர் வச்சா எங்க ஆபீஸ் பியூன் மொதக்கொண்டு திறந்து பாப்பாவ. இந்த ஜோலிக்கு அரசாணைல தலைப்பே கெடையாது. இதரவை ஒரு மனுசனும் திறக்க மாட்டாம்னு வச்சேன். ஒம்பது வருசமா ஒருத்தரும் திறக்கலை சார்!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பேசிக்கொண்டே நானும் திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டு மாவட்டங்களும் தங்கள் ரகசியங்களைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டியிருந்தன. தத்துக்குழந்தைகளின் பெற்ற தாய்மார் பட்டியல் ஒன்று. சாக்கடைக் குழியில் இறந்துபோய்க் கணக்கில் வராத மூன்று பேரின் படங்கள். மேலதிகாரி மீது எழுதி, அனுப்பத் துணியாமல் வைத்திருந்த புகார்கள். நடுநடுவே கேசரி செய்முறை.

"பழைய சுற்றறிக்கை நாலு. இருங்க மேடம், அதை யாரோ ஏற்கெனவே திறந்திருக்காங்க. பத்து நாற்பத்தொண்ணு. நெடுங்காவல் தாலுகா ஆபீஸ். தலைமை நில அளவர் பூவலிங்கம்னு கணக்கு."

எஸ்தர் "ஏசப்பா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

பூவலிங்கம் அந்தப் பட்டியலில் பதினான்காவது வரியில் இருக்கும் சுபிக்ஷாவின் சித்தப்பா. கல்யாணம் நடந்த ஆறாவது மாதம் பேருந்து நிலையத்தில் வைத்து அரிவாளோடு துரத்தியவர். சாட்சி சொல்ல ஆள் வராததால் வழக்கு நிற்கவில்லை, வேலையும் போகவில்லை. அதற்குப் பிறகு எஸ்தர் அந்த ஜோடியை மூன்று வீடு மாற்றியிருக்கிறார்.

"ஆயிரம் ஃபைலுக்குள்ள அந்தாளுக்கு இது எப்படி சார் கெடைச்சுது?" என்று கேட்டார் எஸ்தர்.

எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். ஒருகூரையில் முதல் தடவை நுழைகிறவருக்கு, அவர் குடும்ப அட்டையில் உள்ளவர்களின் பெயர் வரும் கோப்புகளையெல்லாம் அறுநூறு சர்வரிலிருந்தும் திரட்டி முதல் பக்கத்திலேயே வைக்கும். 'தொடர்புடையவை' என்று பெயர். சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் ஜனங்கள் அலையக் கூடாது என்று நான்தான் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். அண்ணன் இறந்த பிறகு அண்ணன் மனைவியையும் மகளையும் பூவலிங்கம் தன் அட்டையில் சேர்த்திருந்தார். மகள் போன பிறகு அவளைச் செத்தவள் என்று சொல்லித் தலைமுழுகினார்கள். அட்டையிலிருந்து பெயரை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அரிசி குறையும் அல்லவா.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். பதிவேட்டில் அடுத்த வரியை அப்போதுதான் பார்த்தேன். "இந்தக் கணக்கிலிருந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு ஃபைலைத் திருத்தியிருக்காங்க. பதினாலாவது வரில விலாசத்தை மாத்தியிருக்காங்க. புதுசா அடிச்சிருக்கற விலாசம் சென்னைல இருக்கற ஏதோ தலைமை அலுவலகம்."

"அந்தாளு எதுக்கு சார் விலாசத்தை மாத்தணும்? பாத்தா எழுதிட்டுல்லா போவாம்?"

"நான் அதைப் பழையபடி திருப்பி வச்சுட்டேன் மேடம். பூட்டியும் வச்சுட்டேன்."

பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே என் பெயர் இருந்தது.

"அங்க டைப்பிஸ்ட்டு ஒருத்தங்க இருக்காங்க" என்றார் எஸ்தர், மெதுவாக. "இசக்கியம்மாள். அந்தாளுக்க அண்ணன் பொஞ்சாதி. புருசன் செத்து கருணை வேலை கெடைச்சு வந்தவங்க. அந்த ஆபீஸ்ல எல்லாருக்க பாஸ்வேர்டும் அவங்க கைலதான் இருக்கும். எல்லாருக்கும் அவங்கதான சார் திறந்து வைக்கணும்."

சுபிக்ஷாவின் அம்மா.

எஸ்தரை அந்த ஜோடியைக் கிளப்பச் சொல்லிவிட்டு நெடுங்காவல் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவுக்கு அடித்தேன். பதினொன்று முப்பத்தெட்டு. ஏழாவது மணியில் ஒரு பெண் எடுத்தார்.

"நெடுங்காவல் தாலுகா ஆபீஸ்."

"ஆணையத்துலேருந்து பேசறேன். சர்வர் பிரிவு. இசக்கியம்மாள்ங்கறது..."

"நாந்தான் சார்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

"எல்லாரும் கூட்ட ஹால்ல இருக்காவ. மந்திரி பேசுததை டிவில பாக்கணும்னு உத்தரவு. டைப் அடிக்க வேலை கெடக்குன்னு நான் வரலை." அடுத்து அவரே கேட்டார். "திருப்பி வச்சது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா. நான்தான்."

"கொழுந்தனாரு, மதினி இதைத் திறந்து வைங்கன்னு சொல்லிட்டுப் போனாவ. திறந்தேன். மொத பக்கத்துலயே எம்பிள்ளை பேரு. ரெண்டு வருசமாச்சு சார் அந்தப் பேரை எழுத்துல பாத்து. படபடன்னு மாத்திட்டு சேமிச்சேன். செத்த நேரத்துல பாத்தா பழையபடி வந்து நிக்கி, பக்கத்துல பூட்டு படம். இன்னொருக்க மாத்தப் பாத்தேன், முடியலை. ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு சிஸ்டம் ரிப்பேருன்னு சொல்லியிருக்கேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க."

"என்ன நல்ல காரியம்? பன்னெண்டு மணிக்கு செல்லுலயே வருமாமே? ஹால்லயே எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாவளாம். அவரு செல்லுல மொத பக்கம் என்ன சார் வரும்?"

அதே பெயர்தான் வரும். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

"உங்களுக்கு அந்த விலாசம் தெரியுமாம்மா இப்ப?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"விலாசத்தை நான் மனசுல ஏத்திக்கலை சார். கையை வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் அழிச்சேன். தெரிஞ்சா சொல்லிருவேன். அடிச்சுல்லாம் கேக்க வேண்டாம், எங்க மாமியா வந்து அழுது கேட்டாலே சொல்லிருவேன். எனக்கு அவ்வளவுதான் தெம்பு."

போனை வைத்தேன். கருவேலங்குளம் சர்வரை மட்டும் துண்டித்துப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் கோப்பு திரும்ப வந்து நின்றது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று மாவட்டங்களில் நகல் இருக்கிறது. ஒன்று போனால் மற்ற இரண்டும் சேர்ந்து மீட்டுவிடும். வெள்ளத்திலும் தீயிலும் ஒரு காகிதம்கூடத் தொலையாது என்று நான் நான்கு மாநாடுகளில் பெருமையடித்த வசதி அது. அந்த நான்கு நிமிடத்தைப் போல என் வாழ்க்கையில் எதையும் நான் சபித்ததில்லை.

எஸ்தர் மறுபடி கூப்பிட்டார். "சார், சுபிக்ஷா போன் எடுத்துட்டா. அந்தப் பையன் லோடு எறக்கப் போயிருக்காம். வீட்ல பிள்ளை மட்டும் கைக்குழந்தையோட இருக்கா. இங்கருந்து நான் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். ஆனா நெடுங்காவல்லருந்து அந்த ஊருக்கு நாப்பது நிமிசம்தான் சார்."

ஆணையரின் உதவியாளரைக் கெஞ்சிக் கூத்தாடி ஹேமலேகாவை மேடையின் ஓரத்துக்கு வரவழைத்தேன். பதினொன்று ஐம்பத்தொன்று. நடந்ததை இரண்டு நிமிடத்தில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல அதிகாரி. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

"பூட்டைத் திறக்க நான் அங்க வரணும். ஒரு மணி நேரம் ஆகும்."

"கூரையையே பிரிச்சுடலாம் மேடம். எல்லாத்தையும் ஒரே விலாசத்துல கட்டி வச்சிருக்கற மூலப் பெயரை எடுத்துட்டா எல்லா சர்வரும் பழையபடி தனித்தனியா போயிடும்."

"திரும்பக் கட்ட?"

"ஒன்பது நாள்."

"சபாபதி, விதவைச் சான்றிதழுக்காகப் பதினோரு ஆபீஸ் ஏறி இறங்கின பொம்பளையை இன்னிக்கு மேடையில உக்கார வச்சிருக்கோம். அவங்க மாதிரி ரெண்டு லட்சம் பேர் காத்திருக்காங்க. ஒன்பது நாள் அவங்களை நிறுத்தி வைக்கச் சொல்றீங்க. அந்தாள் திறப்பார்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"திறந்தா கொலை பண்ணுவார்னு?"

"தெரியாது மேடம். ஒரு தடவை முயற்சி பண்ணியிருக்கார்."

"காவல்துறைக்குச் சொல்றேன். அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்றேன். நீங்க எதையும் தொடாதீங்க. இது உத்தரவு."

அவர் சொன்னதில் எது தப்பு என்று இன்றுவரை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டுமென்றால் அந்த விலாசத்தைக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். நிலையத்தில் யார் யாருக்குச் சித்தப்பா என்று யாருக்குத் தெரியும்? திரையில் அமைச்சர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். பதினொன்று ஐம்பத்தேழுக்கு மூலப் பெயரை நீக்கும் கட்டளையை அடித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அப்படிக் கேட்கச் சொல்லி எழுதியவனும் நான்தான். ஆமாம் என்றேன்.

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். பின்னால் இருந்த பெரிய திரை வெள்ளையாக நின்றது. மறுபடியும் அழுத்தினார். கைதட்டத் தயாராகக் கையை விரித்த கூட்டம் விரித்தபடியே இருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த அந்த விதவைப் பெண் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இரண்டரை மணிக்கு எஸ்தரிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது. 'வண்டில ஏத்தியாச்சு சார்.' எங்கே ஏற்றினார், எங்கே இறக்கினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இனி அந்தப் பட்டியல் அவருடைய பையில் ஒரு நோட்டில்தான் இருக்கும் என்று மட்டும் பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள், உத்தரவை மீறிக் கூரையைப் பிரித்ததற்காக என் மீது விசாரணை. விசாரணை அதிகாரி மேஜைமேல் பதிவேட்டை விரித்தார். அறுநூறு சர்வர்களின் அந்த இரண்டு மணி நேரத்து வரலாற்றில் அத்துமீறல் என்று சிவப்பு மையில் இருந்தது ஒரே ஒரு வரி. பத்து நாற்பத்தாறு, பூவலிங்கம் கணக்கு.

"இவரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்" என்றார்.

பூவலிங்கத்தைக் கூப்பிட்டால் என்ன கோப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் தொடவே இல்லை, என் அண்ணிதான் திறந்தாள் என்பார். அதன் பிறகு இசக்கியம்மாள் அந்த வீட்டில் எப்படி ஒரு வாய் சோறு தின்பார்?

"அது நான்தான் சார்" என்றேன். "நிர்வாகி எந்தக் கணக்குலயும் நுழைய முடியும். பூட்டு வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்த்தேன்."

"அடுத்தவர் கணக்குல நுழைஞ்சு ஆவணத்தைத் திருத்தினீங்களா? அது இன்னும் பெரிய குற்றமாச்சே, ரத்தினசபாபதி."

"ஆமா சார்."

"என்ன திருத்தினீங்க?"

"விலாசத்தை."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். தற்காலிகப் பணிநீக்கம். என் கணினியை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அது மட்டும்தானா என்று அவர் ஏன் கேட்டார்? அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை இருந்த பதற்றத்தில் விலாசத்தைப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தேன். இப்போது பழையது, திருத்தியது என்று இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதினான்காவது வரியை முழுக்கப் படித்தேன்.

விலாசம் தவிர இன்னொரு கட்டமும் மாறியிருந்தது. எஸ்தர் தயாரித்த அந்தப் பட்டியலில் கடைசிக் கட்டம், 'பெற்றோர் சம்மதம்'. இருபத்திமூன்று வரிகளிலும் 'இல்லை', 'இல்லை' என்று இறங்கிக்கொண்டே போகிறது. பதினான்காவது வரியில் மட்டும், பத்து நாற்பத்தாறுக்கு, அதை அழித்துவிட்டு 'தாய் - சம்மதம்' என்று அடித்திருந்தார் இசக்கியம்மாள். படபடவென்று மாற்றினேன் என்றாரே, அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் இதையும் செய்திருக்கிறார். வாயால் யாரிடமும் சொல்ல முடியாததை அரசாங்கக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறார். மூன்று நிமிடம் கழித்து நான் அதை 'இல்லை' என்று திருத்திப் பூட்டினேன்.

எழுந்து கதவைச் சாத்திவிட்டு எஸ்தருக்குப் போன் செய்தேன்.

"மேடம், நோட்டு கையில இருக்கா?"

"இருக்கு சார். சொல்லுங்க."

"பதினாலாவது வரி. பெற்றோர் சம்மதம்ங்கற கட்டம். இல்லைன்னு இருக்கும். அதை அடிச்சிட்டு, தாய் சம்மதம்னு எழுதிக்குங்க."

"யாரு சார் சொன்னா?"

"அவங்களே எழுதியிருக்காங்க. திங்கக்கிழமை பத்து நாற்பத்தாறுக்கு. நான்தான் அழிச்சுட்டேன்."

பின்னணியில் எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. யாரோ அதைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது.

"சார், இருங்க" என்றார். "நான் எழுதலை. அந்தப் பிள்ளை இங்கதான் இருக்கா. அவ கையிலயே நோட்டைக் குடுக்கேன். நீங்க இன்னொருக்க சொல்லுங்க."